மேல் வாயிலும் கீழ் வாயிலும்: ஒரு பூங்காவின் வரலாறு

நம் கல்விக் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் கொண்டாடும் இந்நாளில், நம் இளைஞர்கள் அறிய வேண்டிய வரலாறுகளுள் ஒன்றாக ஒரு பூங்காவின் வரலாற்றை எடுத்துக்கொள்கின்றோம். பூங்காவிற்கும் நம் விடுதலைக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவக் கூடும். தொடர்பு உண்டு. ஊர்ப் பொதுக் குளத்தில் நீர் மொள்ளவும், பொதுத் தெருவில் செருப்பணிந்து நடக்கவும் உரிமை மறுக்கப்பட்ட மக்கள் நாம். ‘பொது இடம்’ என்னும் சொல்லின் பொருளை நம்மினும் நன்கு உணர்ந்தோர் இருத்தல் அரிது. பெயர்ப்பலகையில் எழுதிவிடுவதால் மட்டும் ஓரிடம் பொதுவாகிவிடாது. அதற்குள் யார், எந்த வாயில் வழியாக நுழைகின்றனர் என்பதையும், அதனைப் பேணுவோர் எந்நிலையில் நின்று பேணுகின்றனர் என்பதையும் கொண்டே அதன் தன்மையை நாம் அறிதல் வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே காட்டுவது அமெரிக்க நாட்டின் நியூயார்க் நகரத்திலுள்ள மார்னிங்சைடு பூங்காவின் வரலாறு.

குன்றின் மேலும் கீழும்

நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவில், வடக்கே, செங்குத்தான பாறைச் சரிவு ஒன்று உள்ளது. சரிவின் மேலே, மேற்குப் புறத்தில், கொலம்பியாப் பல்கலைக்கழகம் அமைந்துள்ளது. சரிவின் கீழே, கிழக்குப் புறத்தில், கறுப்பின மக்களின் தலைநகரம் என்று உலகம் போற்றிய ஹார்லம் விரிந்து கிடக்கின்றது. இரண்டிற்கும் இடையே, 110-ஆம் தெரு முதல் 123-ஆம் தெரு வரை, ஏறத்தாழ 30 ஏக்கர் பரப்பில் நீண்டு கிடப்பதே மார்னிங்சைடு பூங்கா.

இப்பாறையின் மீது தெருக்களை அமைப்பதற்குப் பெருஞ்செலவாகும் என்று கண்ட நகரத்தார், 1867-ஆம் ஆண்டிலேயே இவ்விடத்தைப் பூங்காவாக்கும் எண்ணம் கொண்டனர். பிரெடெரிக் லா ஓம்ஸ்டெட், கால்வெர்ட் வோ என்னும் பெயர்பெற்ற வடிவமைப்பாளர் இருவரும் 1873-இல் ஒரு திட்டம் வரைந்தனர். 1887-இல் அதனைத் திருத்தினர். 1895-இல் பூங்கா முற்றுப்பெற்றது.

நமக்கு இவ்விடத்தோடு வேறோர் உறவும் உண்டு. அண்ணல் அம்பேத்கர் பரோடா மன்னரின் உதவித்தொகை பெற்று 1913 முதல் 1916 வரை கல்வி பயின்றது இக்குன்றின் மேலுள்ள கொலம்பியாப் பல்கலைக்கழகத்திலேயே ஆகும். இந்தியாவில் சாதிகள் தோன்றிய முறையை ஆராய்ந்து 1916-ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர் கட்டுரை படித்ததும் அங்கேதான். அந்த ஆண்டுகளில், குன்றின் கீழே ஹார்லம் பகுதியில், தென் மாநிலங்களின் கொடுமைக்கு அஞ்சி வடக்கே வந்த கறுப்பின மக்கள் பெருந்திரளாகக் குடியேறிக்கொண்டிருந்தனர். பின்னாளில், 1946-இல், அம்பேத்கர் கறுப்பினப் பேரறிஞர் டூபாய்சுக்கு ஒரு மடல் எழுதினார். அதில் தீண்டப்படாதோர் நிலைக்கும் அமெரிக்கக் கறுப்பின மக்கள் நிலைக்கும் உள்ள ஒப்புமையை அவரே சுட்டினார். அதே கொலம்பியா 1952-இல் அவருக்குச் சிறப்பு முனைவர் பட்டம் வழங்கியது. எனவே, நாம் கூறப்போகும் வரலாறு அயலார் வரலாறு அன்று.

பூங்காவிற்காக அழிந்த ஊர்

நியூயார்க் நகரத்தில் பூங்கா என்பது கறுப்பின மக்களுக்கு இனிய சொல்லாக மட்டும் இருந்ததில்லை. மார்னிங்சைடு பூங்காவிற்குத் தெற்கே, இன்று உலகப் புகழ் பெற்ற சென்ட்ரல் பூங்கா உள்ள நிலத்தில், முன்பு செனகா சிற்றூர் என்றோர் ஊர் இருந்தது. 1825-ஆம் ஆண்டில், உரிமை பெற்ற கறுப்பின மக்கள் அங்கே மனைகளை விலைக்கு வாங்கத் தொடங்கினர். அக்காலத்தில் அம்மாநிலத்தில் கறுப்பின ஆடவர் ஒருவர் வாக்களிக்க வேண்டுமாயின் 250 டாலர் மதிப்புள்ள நிலம் அவருக்கு இருத்தல் வேண்டும். வெள்ளையருக்கு அந்நிபந்தனை இல்லை. எனவே, அம்மனைகள் வெறும் குடியிருப்பு அல்ல. அவற்றை வாங்கிய சிலருக்கு அவையே வாக்குரிமை. 1855-ஆம் ஆண்டு கணக்கெடுப்பின்போது ஏறத்தாழ 225 பேர் அங்கு வாழ்ந்தனர். அவர்களுள் மூவரில் இருவர் கறுப்பினத்தார். மூன்று தேவாலயங்களும் ஒரு பள்ளியும் அங்கே இருந்தன. பூங்கா அமைக்கும் பொருட்டு நகர நிருவாகம் அந்நிலத்தைக் கையகப்படுத்தியது, இழப்பீடு தந்தது, 1857-இல் ஊரை இடித்துத் தரைமட்டமாக்கியது. மக்கள் சிதறிப் போயினர். பள்ளி நடத்திய ஓர் ஊர் புல்வெளிக்குக் கீழே மறைந்தது. நூறாண்டுகளுக்கு மேலாகப் பூங்காவிற்குச் செல்வோர் பெரும்பாலோர் அதனை அறியவே இல்லை.

இரண்டு வாயில்கள்

இந்நிலையில்தான் மார்னிங்சைடு பூங்காவின் பெரும் வழக்கு எழுந்தது. கொலம்பியாப் பல்கலைக்கழகம் அப்பூங்காவினுள் ஓர் உடற்பயிற்சிக் கூடம் கட்ட விரும்பியது. 1960-இல் மாநிலச் சட்டமன்றம் அதற்கு இசைவளித்தது. மறு ஆண்டு, பொதுப் பூங்காவின் 2.1 ஏக்கர் நிலம் ஆண்டுக்கு 3,000 டாலர் என்னும் அற்ப வாடகைக்குப் பல்கலைக்கழகத்திற்கு அளிக்கப்பட்டது. ஈடாக, கட்டடத்தின் கீழ்ப்பகுதியில் ஒரு சிறு பங்கை ஹார்லம் மக்கள் பயன்படுத்தலாம் என்றனர். முதலில் ஹார்லம் தலைவர்களுள் சிலர் இத்திட்டத்தை வரவேற்கவும் செய்தனர் என்பதை மறைப்பதற்கில்லை. விளையாட இடமில்லாத பிள்ளைகளுக்கு ஏதேனும் கிட்டுமே என்று அவர்கள் எண்ணினர்.

ஆனால் கட்டட வரைபடத்தை ஊன்றி நோக்கியோர் திடுக்கிட்டனர். குன்றின் உச்சியில் ஒரு வாயில், அது பல்கலைக்கழகத்தார்க்கு. குன்றின் அடியில் ஒரு வாயில். அது ஹார்லம் மக்களுக்கு. நிலச் சரிவின் காரணமாகவே அவ்வாறு அமைந்தது என்று விளக்கம் கூறப்பட்டது. இருக்கலாம். ஆயினும் மேலே நுழைவோர் பெரும்பாலும் வெள்ளையராகவும், கீழே நுழைவோர் பெரும்பாலும் கறுப்பினத்தாராகவும் இருக்க நேர்ந்தது சரிவினால் மட்டும் விளைந்ததன்று. நம் ஊர்த் தேநீர்க் கடையில் தனிக் குவளையைக் கண்டவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. தென் மாநிலங்களில் கறுப்பினத்தாரைப் பிரித்து வைத்த சட்டங்களுக்கு ‘ஜிம் குரோ’ என்பது பட்டப்பெயர். உடற்பயிற்சிக் கூடத்தையும் அவர்கள் மொழியில் ‘ஜிம்’ என்றே சொல்வர். எனவே அக்கட்டடத்திற்கும் ‘ஜிம் குரோ’ என்றே மக்கள் பெயரிட்டனர். எழுத்து வேறு, ஒலி ஒன்று, பொருளும் ஒன்றே.

1968-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பாறையைத் தகர்க்கும் பணி தொடங்கிற்று. மறியல் செய்தோர் கைது செய்யப்பட்டனர். ஏப்ரல் 4-ஆம் நாள் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். ஏப்ரல் 23-ஆம் நாள், வியத்நாம் போருக்குப் பல்கலைக்கழகம் துணை நிற்பதைக் கண்டித்தும் இக்கூடத்தை எதிர்த்தும் மாணவர்கள் திரண்டனர். பூங்காவிற்குச் சென்று வேலியைப் பிடுங்கினர். பின்னர்ப் பல்கலைக்கழகக் கட்டடங்களைக் கைப்பற்றினர். ஹாமில்டன் மண்டபத்தைக் கறுப்பின மாணவர்கள் தனியே தம் பொறுப்பில் வைத்துக்கொண்டனர். ஹார்லம் மக்கள் அவர்களுக்கு உணவு கொண்டுவந்து கொடுத்தனர். ஏப்ரல் 30-ஆம் நாள் விடியுமுன் காவல்துறை புகுந்து ஏறத்தாழ 700 பேரைக் கைது செய்தது. ஆயினும் பணி நின்றது. 1969-இல் திட்டம் அடியோடு கைவிடப்பட்டது. படித்த இளைஞரும் பாமர மக்களும் ஒன்றுபட்டதால் கீழ் வாயில் கட்டப்படாமலே போயிற்று.

பள்ளம் குளமான கதை

வெற்றி கிட்டியது, ஆனால் பள்ளம் மிஞ்சியது. வெடி வைத்துத் தகர்த்த பாறைக் குழி, வேலி சூழ, இருபது ஆண்டுகள் அப்படியே கிடந்தது. 1975-இல் நியூயார்க் நகரம் கடனில் மூழ்கித் திவாலாகும் நிலையை எட்டியது. பூங்காப் பணியாளர் எண்ணிக்கை குறைக்கப்பட்டது. படிக்கட்டுகள் சிதைந்தன, விளக்குகள் அணைந்தன, குப்பை குவிந்தது. அப்பூங்காவிற்குள் நுழையாதீர் என்று மேட்டிலிருப்போர் தம் மாணவர்களை எச்சரித்தனர். எந்தப் பூங்காவிற்காக மக்கள் போராடினார்களோ அந்தப் பூங்காவிற்குள் நடக்கவே மக்கள் அஞ்சும் நிலை வந்தது.

இளைஞர்களே, இவ்விடத்தில் நாம் சற்று நின்று எண்ண வேண்டும். உரிமைப் போராட்டம் ஒரு நாளில் வெற்றி காணலாம். ஆனால் வென்ற இடத்தைப் பேணுதல் ஒரு நாள் வேலையன்று. அதற்குப் பறை முழக்கம் இல்லை, ஊர்வலம் இல்லை, நாளேட்டில் படமும் இல்லை.

அவ்வேலையை ஏற்கச் சிலர் முன்வந்தனர். 1981-ஆம் ஆண்டில், கொலம்பியாவின் இளங்கலை மாணவர்களால் ‘மார்னிங்சைடு பூங்காவின் நண்பர்கள்’ என்னும் சங்கம் தோற்றுவிக்கப்பட்டது. எந்தப் பல்கலைக்கழகம் பூங்காவை வெட்டியதோ அதன் மாணவரே அதனைக் காக்க வந்தது குறிப்பிடத்தக்கது. பூங்காவை அதன் முதல் வடிவமைப்பின் நோக்கத்திற்கேற்ப மீட்க வேண்டுமென்று அச்சங்கம் வாதாடியது. 1989, 1990-ஆம் ஆண்டுகளில் அந்தப் பாறைப் பள்ளமே ஒரு குளமாகவும், பாறையின் மேலிருந்து வீழும் அருவியாகவும் மாற்றப்பட்டது. தழும்பை மூடி மறைக்காமல் அதில் நீரை நிரப்பினர். பிரித்து வைக்கும் வாயிலுக்காகத் தோண்டிய குழியில் இன்று இரு புறத்து மக்களும் வந்து நின்று வாத்துகளைப் பார்க்கின்றனர்.

தொண்டர்களும் உயிர்களும்

நீர் வந்ததும் உயிர்கள் வந்தன. குளத்தில் வாத்துகளும் ஆமைகளும் வாழ்கின்றன. கொக்கினங்கள் வந்து மீன் பிடிக்கின்றன. வட அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையோரமாக இளவேனிலில் வடக்கேயும் இலையுதிர் காலத்தில் தெற்கேயும் வலசை செல்லும் பறவைகளுக்கு, கட்டடக் காடாகிய மன்ஹாட்டனில் இத்தகைய மரச்சோலைகளே இறங்கி இளைப்பாறும் இடங்கள். பூங்காவை நோக்கி நிற்கும் புனித ஜான் பேராலயத்தின் கற்சிலையருகே செவ்வால் பருந்துகள் பல பருவங்கள் கூடு கட்டிக் குஞ்சு பொரித்தன. தெருவில் நின்று மக்கள் அவற்றைக் கண்டு மகிழ்ந்தனர்.

இவ்வுயிர்களைக் காத்தல் என்பது அன்பு காட்டுவதால் மட்டும் முடிவதன்று, அறிவு வேண்டும். வாத்துகளுக்கு ரொட்டித் துண்டுகளை வீசுதல் இரக்கச் செயல் போலத் தோன்றும். ஆனால் அவ்வுணவு பறவைக்கு ஊட்டம் தருவதன்று. மிஞ்சியது நீரில் அழுகிப் பாசிக்கு உரமாகும். மரத்திலிருந்து உதிரும் இலைகளும் தேங்கிய நீரில் அவ்வாறே செய்யும். அண்மை ஆண்டுகளில் வெயிற்காலத்தில் அக்குளத்தில் நச்சுத் தன்மையுள்ள நீலப்பசும்பாசி படர்ந்து, நாய்களையும் குழந்தைகளையும் நீரில் இறங்க விடாதீர் என்று எச்சரிக்க வேண்டிய நிலை ஏற்பட்டது. நீரில் பாஸ்பரஸ் போன்ற ஊட்டப் பொருள்கள் மிகுவதும், நீர் ஓடாமல் தேங்கிச் சூடேறுவதும் இதற்குக் காரணங்கள். நியூயார்க் பூங்காக்களில் தொண்டாற்றுவோர் குப்பை பொறுக்குவதோடு நிற்பதில்லை. களைக்கொடிகளைக் களைந்து அம்மண்ணுக்குரிய செடிகளை நடுகின்றனர். மர வேர்களைச் சுற்றித் தழைகளையும் மரச்சிராய்களையும் இட்டு ஈரம் காக்கின்றனர். பறவைகளை எண்ணிக் குறிக்கின்றனர்.

பறவைகளை எண்ணுதல் சிறு செயல் என்று கருதற்க. அமெரிக்காவில் கிறித்துமசு நாளில் துப்பாக்கியுடன் சென்று பறவைகளைச் சுட்டு வீழ்த்தும் விளையாட்டு ஒன்று வழக்கில் இருந்தது. அதற்கு மாற்றாக, சுடுவதை விடுத்து எண்ணுவோம் என்று பிராங்க் சாப்மன் என்னும் பறவையியலார் அழைத்தார். 1900-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் 27 பேர் அவ்வாறு எண்ணினர். அப்பழக்கம் இன்றும் தொடர்கின்றது. ஆண்டுதோறும் பல்லாயிரவர் பங்கு கொள்கின்றனர். பறவைகள் பெருகுகின்றனவா, குறைகின்றனவா என்று அறிஞர்கள் அறிவதற்கு அக்குறிப்பேடுகளே துணை. பட்டம் பெறாத எளியோரும் ஒரு குறிப்பேடும் பொறுமையும் இருந்தால் அறிவியலுக்குத் தொண்டு செய்யலாம் என்பதற்கு இது சான்று.

ஆயினும் வாயில் பற்றிய வழக்கு முற்றிலும் தீர்ந்துவிட்டதாக எண்ணுதல் பிழை. 2020-ஆம் ஆண்டு மே 25-ஆம் நாள், சென்ட்ரல் பூங்காவில் பறவை நோக்கச் சென்றார் கிறிஸ்டியன் கூப்பர் என்னும் கறுப்பினத்தவர். பறவைகள் வாழும் அப்பகுதியில் நாயைக் கயிற்றில் பிணைக்க வேண்டும் என்பது விதி. அதனை அவர் ஒரு வெள்ளைப் பெண்மணிக்கு எடுத்துக் கூறினார். அப்பெண்மணியோ, கறுப்பினத்தான் ஒருவன் தன் உயிருக்கு அச்சம் விளைவிக்கின்றான் என்று காவல்துறையைத் தொலைபேசியில் அழைத்தார். கூப்பர் அதனைப் படம் பிடித்திருந்தமையால் உலகம் உண்மையை அறிந்தது. அதே நாளில் மினியாபோலிஸ் நகரில் ஜார்ஜ் பிளாய்டு என்பவர் காவலர் ஒருவரின் முழங்காலின் கீழ் உயிர் நீத்தார். பூங்காவின் விதியைக் காக்க முனைந்தவரே பூங்காவிற்கு அயலாராகக் கருதப்பட்டார். அதற்கு விடையாகக் கறுப்பின இளம் அறிவியலாளரும் இயற்கை ஆர்வலரும் அடுத்த வாரத்தையே ‘கறுப்பினப் பறவை நோக்கர் வாரம்’ என்று அறிவித்துக் கொண்டாடினர். அஞ்சி விலகாமல் தொலைநோக்கியுடன் மேலும் பலர் வந்தனர்.

நம்முன் நிற்கும் வினா

இனி நம் நிலைக்கு வருவோம். ‘ஏரிக்கரையைத் துப்புரவு செய்யுங்கள், பொதுக் குளத்தைத் தூர் வாருங்கள்’ என்று நம் இளைஞர்களிடம் எவரேனும் கூறினால் அவர்கள் நெஞ்சில் ஒரு வெறுப்பு எழும். அது நியாயமான வெறுப்பே. தலைமுறை தலைமுறையாகத் துப்புரவு என்னும் சுமையை நம் தலையில் ஏற்றி, அதனை நம் பிறப்பின் கடமை என்றும் கூறினர். சாதி என்பது வேலைகளைப் பங்கிடவில்லை, வேலை செய்யும் மனிதரையே கூறு போட்டது என்னும் கருத்தை 1936-ஆம் ஆண்டிலேயே அண்ணல் அம்பேத்கர் நிறுவினார். மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடை செய்ய 1993-இலும் 2013-இலும் சட்டங்கள் இயற்ற வேண்டியிருந்தது என்றால், அச்சுமை எத்துணைக் கொடிது என்பது விளங்கும்.

ஆகவே தொண்டு வேறு, ஊழியம் வேறு என்பதை நாம் தெளிவாக வரையறுத்துக் கொள்ளுதல் வேண்டும். நுழைய உரிமையற்ற இடத்தைக் கூட்டிப் பெருக்குவது ஊழியம். நமக்கும் உரியது என்று நிலைநாட்டிய இடத்தை நம் விருப்பத்தால் பேணுவது தொண்டு. முன்னதில் வேலை சிலர் தலையில் மட்டும் விழும். பின்னதில் ஊரார் அனைவரும் மண்வெட்டி எடுத்தல் வேண்டும். மேலும் ஒன்று: தொண்டு என்னும் பெயரைக் காட்டி, கூலி பெறும் துப்புரவுத் தொழிலாளியின் வேலையைப் பறிப்பதற்கு நாம் கருவியாகலாகாது. நகராட்சி செய்ய வேண்டியதை நகராட்சியே செய்தல் வேண்டும். அதற்கு மேற்பட்டதே நம் தொண்டு.

முதலில் உரிமை, பின்னரே பேணுதல் என்னும் இவ்வரிசையை நம் முன்னோர் அறிந்திருந்தனர். பொதுச் சாலைகளும் கிணறுகளும் குளங்களும் எல்லா மக்களுக்கும் உரியன என்னும் தீர்மானத்தை 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்து நிறைவேறச் செய்தார் இரட்டைமலை சீனிவாசன். 1927-ஆம் ஆண்டு மார்ச் 20-ஆம் நாள் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு மகாடு நகரின் சவுதார் குளத்தில் இறங்கி நீர் அருந்தினார். அக்குளத்தின் வழக்கு பம்பாய் உயர்நீதிமன்றத்தில் 1937-இல்தான் நம் பக்கம் தீர்ந்தது. பத்தாண்டுகள் நடந்த வழக்கு அது. அவர்கள் பெற்றுத் தந்த உரிமை நம் கையில் உள்ளது. அவ்வுரிமைக்குரிய குளங்களுள் இன்று எத்தனை நீர் உடையன? எத்தனை ஆக்கிரமிப்பில் சுருங்கின? நீரில்லாத குளத்தில் நீர் மொள்ளும் உரிமை யாருக்கு என்ன பயன் தரும்?

எனவே நம் கழகத்து இளைஞர்கள் இவ்வெள்ளி விழா ஆண்டில் ஒரு செயலைத் தொடங்க வேண்டுகின்றோம். உங்கள் குடியிருப்புக்கு அருகிலுள்ள ஏரியோ குளமோ பூங்காவோ ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். முதற்கண் அதன் புல எண்ணையும் பரப்பையும் வருவாய்த்துறைப் பதிவேட்டில் பார்த்து எழுதி வையுங்கள். எல்லை தெரியாத நிலத்தைக் காக்க இயலாது. அங்கே நம் மக்கள் எந்த வழியாக, எந்த மதிப்போடு செல்கின்றனர் என்று நோக்குங்கள். குறையிருப்பின் அதனை முதலில் முறையிட்டுத் தீருங்கள். பின்னர் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் ஒரு குறிப்பேட்டுடன் அங்கே செல்லுங்கள். எத்தனை கொக்கு, எத்தனை நீர்க்காகம், எத்தனை மீன்கொத்தி, எந்த மாதத்தில் வந்தன என்று எழுதுங்கள். ஊரிலுள்ள பிற தெருவாரையும் அழையுங்கள். அவர்கள் மண்வெட்டியோடு வந்தால் நீங்களும் மண்வெட்டி எடுங்கள். அவர்கள் கைகட்டி நின்று உங்களை மட்டும் ஏவினால் குறிப்பேட்டை மூடிக்கொண்டு, ஏன் என்று வினவுங்கள்.

மார்னிங்சைடு குளத்தின் நீருக்கு அடியில் வெடி வைத்துப் பிளந்த பாறை இன்றும் இருக்கின்றது. அதன்மேல்தான் வாத்து நீந்துகின்றது. ஒரு தலைமுறை வேலியைப் பிடுங்கியது. அடுத்த தலைமுறை செடியை நட்டது. முதற்செயல் இல்லையேல் இரண்டாவதற்கு இடமில்லை. இரண்டாவது இல்லையேல் முதற்செயலுக்குப் பயனில்லை. நம் முன்னோர் முதற்செயலைச் செய்து முடித்தனர். இரண்டாவது நமக்காகக் காத்திருக்கின்றது.